முடிக்கு முடி

மூளையில் கட்டி வந்தது விஜயலட்சுமிக்கு. மொட்டை போட்டுக்கொண்டது அவள் வீட்டு ஆம்பிளைகள். இந்தக் கூத்தை வடக்கனந்தலில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அழ வேண்டிய ஒரு வீட்டைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றால் அதுவே பெரிய கொடுப்பினை.

ஆரம்பத்தில் அது வெறும் தலைவலிதான். விடிந்ததும் மண்டையைப் பிளக்கும், பொழுது ஏற ஏறக் குறையும். தலைவலிக்கெல்லாம் டாக்டரிடம் போகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டாள். கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்துத் தெருவே தும்மியதுதான் மிச்சம். ஊர்ப்பட்ட வைத்தியமும் முடிந்து, ஒருநாள் கரும்புக் கொல்லை வரப்பில் நடந்தவள், வாக்கப்பட்டு வந்ததிலிருந்து நடந்து பழகிய வரப்பில், கால் வைக்கத் தெரியாமல் வாய்க்காலில் விழுந்தாள். அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்காரர் கண்ணாயிரம் பயந்தார். அவர் சத்தம் போட்டு ஊர் பார்த்திருக்கிறது, பயந்து பார்த்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு நட்டநடுவே சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று தெரிந்தது. மூளைக்குள்ளும் தண்ணீர் ஓடுமாம். அது ஓடுகிற வழியில் இந்தக் கட்டி உட்கார்ந்துகொண்டிருக்கிறதாம். கோமுகி அணைத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். சென்னைக்குப் போங்கள், தாமதம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் மலர்விழி. நாற்பது வயதுதான் இருக்கும். மேசைமேல் ஒரு மூளைப் பொம்மையை வைத்து, அதைத் தேங்காய் மூடி மாதிரி இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

"பழைய முறைன்னா மண்டை ஓட்டுல ஒரு துண்டை எடுத்துட்டு, மூளையை ஒதுக்கிக்கிட்டு உள்ளே போகணும். நேரான கருவி நேராத்தான் போகும். போற வழியில ஞாபகத்துக்கு, பேச்சுக்கு உண்டான இடமெல்லாம் இருக்கு. அதுல எதுலயாவது பட்டா, கட்டி போயிடும், ஆனா வேற ஏதாவது சேர்ந்து போயிடலாம்."

"இன்னொரு வழி இருக்குதுன்னு சொன்னாங்களே, டாக்டரம்மா" என்றார் கண்ணாயிரம்.

"இருக்கு. அந்தக் கருவி வளையும். பேனாவுக்குள்ள ரீஃபில் இருக்கே, அந்தத் தடிமன்தான். குழாய்க்குள்ள குழாய், அதுக்குள்ள இன்னொரு குழாய். தலையில சின்னதா ஒரு துளை போட்டு உள்ளே விடுவோம். தண்ணி இருக்கிற அந்த இடைவெளி வழியாவே வளைஞ்சு வளைஞ்சு கட்டிகிட்டப் போகும். நுனியில கேமரா, விளக்கு, கட்டியைத் துண்டு துண்டாப் பிடிச்சு எடுக்கிற குட்டி இடுக்கி."

கண்ணாயிரம் மீசையை நீவிக்கொண்டார். யோசனை வந்தால் அவர் கை தானாக அங்கேதான் போகும். இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட முதலில் மீசையைச் சரிபார்த்தவர் என்று விஜயலட்சுமி கேலி செய்வாள்.

"ரோபோன்னு சொல்றாங்க. அது பாட்டுக்குத் தானா அறுக்குமா? எங்க ஊருக்கு நெல்லு அறுக்க மெஷினு வரும். நடுக் கொல்லையெல்லாம் சுத்தமா அறுக்கும். மூலையில திரும்பத் தெரியாம அர கொறயா வுட்டுட்டுப் பூடும். அந்த மாதிரி மூலையில வுட்டுட்டு வந்துடாதே?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூலைக்குத் திரும்பறதுக்குத்தாங்க இதைச் செஞ்சதே. அது தானா ஒண்ணும் அறுக்காது. நான் பக்கத்துல உக்காந்து கைப்பிடியைத் திருப்பினா உள்ளே நுனி திரும்பும். என் கை நடுங்கினாலும் அது நடுங்காது. அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விஜயலட்சுமியைப் பார்த்துச் சொன்னார். "ஆனா இது புதுசும்மா. ஆராய்ச்சியா பண்ணிக்கிட்டு இருக்கோம். இதுவரைக்கும் கொஞ்ச பேருக்குத்தான் பண்ணியிருக்கோம். நடுவுல சரிப்படலைன்னா நிறுத்திட்டுப் பழைய முறைக்கு மாறிடுவேன். மறைச்சுச் சொல்ல மாட்டேன்."

மறைத்துச் சொல்ல மாட்டேன் என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விஜயலட்சுமி தலையைக் கொடுத்தாள். நாற்று பிடுங்கும்போது வேர்க்காலில் மண்புழு நெளிவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒரு வேரையும் அறுக்காமல் அத்தனை வேருக்கும் நடுவே அது போய் வரும். அப்படி ஒன்று போய் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மொட்டை அடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முழங்கால் வரை தொங்கும் முடி அவளுக்கு.

"கட்டை விரல் நகம் அளவுக்கு மழிப்போம். மத்த முடியை வாரி ஒதுக்கிடுவாங்க" என்றார் டாக்டர்.

உயிர் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு வேறொரு ஏக்கம் இருந்தது. திருநாவலூரில் அவளுடைய ஒரே அண்ணன் ராஜாங்கம் இருக்கிறார். பேச்சுவார்த்தை நின்று போய் எவ்வளவோ காலமாகிறது. காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மகள் அபிநயாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். ராஜாங்கம் சீர்த்தட்டோடு கிளம்பிய பஸ் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி நின்றுபோனது. இங்கே பந்தலில் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். கண்ணாயிரத்துக்குத்தான் பொறுமை என்ற சரக்கே கிடையாதே. "மாமன் வர்ற வரைக்கும் நேரம் நின்னுகினு இருக்குமா" என்று கத்திவிட்டு, விஜயலட்சுமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான ஒருவர் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது காதைக் குத்தியபோது ராஜாங்கம் தலையில் தட்டோடு வந்து சேர்ந்தார். வேறொருத்தன் மடியில் தன் தங்கச்சி மகள் அழுவதைப் பார்த்தார். தட்டைப் பந்தக்கால் பக்கத்தில் இறக்கி வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதோடு சரி. அபிநயா வளர்ந்து, படித்து, கள்ளக்குறிச்சியில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். மாமன் வாசல்படி மிதிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அபிநயாதான் மாமனுக்குப் போன் செய்தாள். "அம்மாவுக்குத் தலையில கட்டி மாமா. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. அம்மா ஆசப்படுது."  ராஜாங்கம் "நல்லபடியா ஆவட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"வரமாட்டாரு" என்றாள் விஜயலட்சுமி. "நான் செத்தா கோடி எடுத்துக்கினாவது வருவாரா உங்க மாமன்?"

"வாய மூடும்மா" என்று அபிநயா அதட்டினாள்.

கோடி என்றால் கடைசிப் புடவை. ஒருத்தி எத்தனை வருஷம் புகுந்த வீட்டில் வாழ்ந்தாலும், போகும்போது பிறந்த வீட்டுப் புடவையைப் போர்த்திக்கொண்டுதான் போக வேண்டும். மற்றவர்கள் மாலை போடலாம், அழலாம். அந்தப் புடவையை மட்டும் அண்ணன் தம்பிதான் கொண்டுவர வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிற வரைக்கும் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி நடையின் முனையைப் பார்த்துக்கொண்டே போனாள். யார் யாரோ வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

கதவு மூடியதும் கண்ணாயிரத்துக்குக் கை கால் ஓடவில்லை. வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, இங்கருந்து கல்வராயன்மல எந்தப் பக்கம்?"

"திருவண்ணாமலைன்னா தெரியும். இது எதுங்க?" என்ற வாட்ச்மேன், கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, சும்மா லிஃப்ட் இருக்கிற திசையைக் காட்டிவிட்டார். கண்ணாயிரம் லிஃப்டைப் பார்த்துக் கைகூப்பினார். மலைமேல் ஓடையோரம் இருக்கிற அவர்கள் குலசாமி பச்சையம்மனை நினைத்துக்கொண்டு, வாய்விட்டே வேண்டினார்.

"தாயே, அவ தலமுடியோட, அறிவோட, பேச்சோட திரும்பி வரட்டும். அவ முடிக்கு எங்க முடிய எடுத்துக்க. எங்க வூட்டு ஆம்பளைங்க தலையெல்லாம் ஒன்னுது. என் மீசையும் ஒன்னுது."

மகன் தீனதயாளன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஊரில் இருக்கிற சித்தப்பா அய்யப்பனின் தலையையும் சேர்த்து, ஒரு வார்த்தை கேட்காமல், அப்பா சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். போனை எடுத்துத் திசை பார்த்தான். மலை லிஃப்டுக்கு நேரெதிர்ப் பக்கம் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டால் என்ன, தாய்க்குப் பிள்ளை குரல் தெரியாதா.

பொழுது சாயும்போது டாக்டர் மலர்விழி வெளியே வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. "எடுத்தாச்சு. பழைய முறைக்கு மாற வேண்டிய அவசியமே வரல. மூலையிலயும் விடல" என்று கண்ணாயிரத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணாயிரம் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த கண்ணீர்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு யார் என்ன நல்ல வார்த்தை சொன்னாலும் அவருக்குக் கண் நிறைந்துவிடும்.

மறுநாள் விஜயலட்சுமியை எழுப்பி உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பேர் சொன்னாள். ஊர் சொன்னாள். என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் என்றதற்குக் கரும்பு, மரவள்ளி, வீட்டுக்குக் கொஞ்சம் கத்திரி என்றாள். பயிற்சி டாக்டர் ஒருவர் கண்ணாயிரத்தைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு."

"பேர் சொல்லுங்க."

விஜயலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டார். தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகம் மாறிக் குறிப்பில் என்னவோ எழுதப் போனார்.  போச்சு, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, என் பேர் மட்டும் போய்விட்டது என்று கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டின புருஷன் பேர எப்டிங்க வாயால சொல்றது?" என்றாள் விஜயலட்சுமி மெதுவாக. "வேணும்னா கண்ணு எத்தினின்னு கேளுங்க, சொல்றேன்."

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த டாக்டர் மலர்விழி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "எழுதாதீங்க. ஞாபகம், பேச்சு, குசும்பு எல்லாம் அப்படியே இருக்கு" என்றார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று விஜயலட்சுமி ஒரு ஆசையைச் சொன்னாள். தன் தலைக்குள் போய் வந்ததைப் பார்க்க வேண்டும். தியேட்டருக்குள் விட மாட்டார்கள் என்பதால், டாக்டர்கள் பழகுவதற்காக அதே மாதிரி ஒன்று வைத்திருந்த அறைக்கு மலர்விழி அவளை அழைத்துப் போனார். ஆள் உயரத்துக்கு ஒரு தாங்கி. அதன் கையிலிருந்து எஃகு நிறத்தில் நீண்டிருந்தது ஒரு சின்னஞ்சிறு குழாய். இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இந்தத் துளியூண்டு சாமானா எமனிடம் போய் வழக்காடிவிட்டு வந்தது.

"இதுக்கு ஒரு பொட்டு வெக்கலாமா, டாக்டரம்மா?"

"தாங்கியில வைங்க. குழாய்ல வேண்டாம்."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து, ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு வைப்பதுபோல நிதானமாக வைத்தாள். கை கூப்பினாள். டாக்டர் கைப்பிடியை லேசாகத் திருப்பினார். குழாயின் நுனி வளைந்து அவளைப் பார்த்துத் தலைகுனிந்தது. விஜயலட்சுமிக்கு மேல் சிலிர்த்துப் போனது. டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும். ஒங்க கை நல்லா இருக்கணும். இத்தக் கண்டுபுடிச்சவங்க பெத்த வயிறு குளிரணும்" என்றாள். அதற்குமேல் நன்றி சொல்ல அவளுக்கு வார்த்தை தெரியவில்லை. தெரிந்தவர்கள் மட்டும் இதற்குமேல் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். இவளுக்கு அந்தத் தலைப்பாகைகூடப் போகவில்லை. நெற்றிக்கு மேலே, வகிட்டுக்குப் பக்கத்தில், நகம் அளவுக்குச் சிரைத்த இடம். அதில் இரண்டு தையல். மேலே முடியைத் தள்ளிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஊருக்கு வந்து இறங்கியவளைப் பார்த்து ரங்கம்மாள், "ஆப்ரேசன் பண்ணாங்களா, ஏமாத்தி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

வந்தவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். மாட்டைப் பார்த்துக்கொண்ட ரங்கம்மாளுக்கு, கரும்புக்குத் தண்ணீர் கட்டிய கொழுந்தன் அய்யப்பனுக்கு, ஸ்கேன் எடுத்தவருக்கு. "மாமாவுக்குப் போன் பண்ணி நல்லா ஆயிட்டன்னு சொல்லட்டுமா?" என்று அபிநயா கேட்டபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாவக் கெடந்தப்ப வரல. பொழச்சத நாமளா கூப்ட்டுச் சொல்லணுமா? வுடு." ரோஷக்காரி. அண்ணன் தங்கச்சி இரண்டு பேருக்கும் அது ஒரே வயிற்றுச் சொத்து. சொல்லிவிட்டு உள்ளே போய் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அபிநயா பார்த்தாள்.

தையல் பிரித்த பிறகு கண்ணாயிரம் வேண்டுதலைக் கையில் எடுத்தார். அய்யப்பன் குதித்தார். "வாயி ஒன்னுது, தல என்னுதா?" தீனதயாளனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அவன் தலையைத் தடவிக்கொண்டான். கடைசியில் அண்ணியை நினைத்து அய்யப்பனும், அம்மாவை நினைத்து மகனும் வண்டி ஏறினார்கள். மலைப்பாதை வளைவுகள் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விஜயலட்சுமி வீட்டில் இருந்தாள். ஓடையில் குளித்து, மூன்று பேரும் முடி இறக்கினார்கள். சாமிக்குச் சொன்ன சொல்லில் குறை வைக்கக் கூடாது என்று கண்ணாயிரம் மீசையையும் கொடுத்தார். "அண்ணனுக்கே போன பிறகு எனக்கு எதுக்கு" என்று அய்யப்பனும் கொடுத்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் தான் மட்டும் மீசையோடு நிற்கத் தீனதயாளனுக்குக் கூச்சமாக இருந்தது.

தலையும் மீசையும் மழித்த ஆம்பிளைகள், ஒரே குடும்பத்தில் மூன்று பேர், நெற்றி நிறைய விபூதி, ஈர வேட்டி. நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைகூடச் சொல்லும். அதுவும் பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் அந்தக் கோலத்தில் நின்றால்? நன்றிப் பெருக்கில் இருந்த மூன்று மண்டைக்கும் இது உறைக்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் கச்சிராயபாளையத்தில் டீக்கடையில் நின்றார்கள். ஆடு வாங்க வந்த திருநாவலூர் இருசப்பன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். ராஜாங்கத்தின் தெருக்காரர், தங்கச்சிக்கு மூளையில் கட்டி என்ற சேதி தெரிந்தவர். இவர்களைப் பார்த்ததும் டீ தொண்டையில் இறங்கவில்லை. யார் போய்விட்டார்கள் என்று ரோட்டில் வைத்துக் கேட்பது நாம் செய்கிற காரியமா? துக்கத்தை வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாயிரத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். விஜயா பிழைத்ததில் இந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம், பேச்சே வரவில்லையே என்று கண்ணாயிரத்துக்குக் கண் நிறைந்து வழிந்தது. இருசப்பனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். துக்கத்தில் அப்படிச் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை. அபிநயா அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தையல் பிரித்த இடத்தில் சீப்பு படாமல் மெல்ல மெல்ல வாரிப் பின்னலைப் போட ஆரம்பித்தபோது, தெருமுனையில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரல் எழுந்தது.

"வடக்கனந்தல் வாழப் போன
வாடாத மல்லியே
வாசப்படி அண்ணன் வர
வழிபாத்து நின்னியே"

"யாரு வூட்ல சாவு?" என்றாள் விஜயலட்சுமி.

அபிநயா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். "விஜயா, என் நாத்தனாவே" என்று குரல் நெருங்கி வந்தது. அபிநயாவின் கையிலிருந்து சீப்பு நழுவியது. "அம்மா, ஒனக்குத்தாம்மா."

வந்தது ராஜாங்கமும் அவர் மனைவி பெரியம்மாளும். ராஜாங்கம் சட்டை போடவில்லை. தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, அதன்மேல் தட்டு. வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்த தீனதயாளனின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவரால் அடக்க முடியவில்லை. தட்டைக் கீழே இறக்கிவிட்டு அவன் தோளில் விழுந்து அழுதார்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா, மருமவனே. கோடியப் போத்தக்கூட வழியில்லாம, படத்துக்கு முன்னால வெக்க வந்துட்டேனே. நான் மனுசனே இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா. கூப்ட்டாளே. வந்து பாருன்னு கூப்ட்டாளே. போன வெச்சிட்டேனே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாமா, மாமா" என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். கொல்லையிலிருந்து ஓடிவந்த கண்ணாயிரம் மொட்டைத் தலையும் மழித்த முகமுமாக எதிரே நின்றார். அவரைப் பார்த்துப் பெரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு இன்னும் உரக்க ஆரம்பித்தாள்.

அப்போது நிலைப்படியில் விஜயலட்சுமி வந்து நின்றாள். பாதி போட்ட பின்னல் தோளில் கிடந்தது. பெரியம்மாளின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. தீனதயாளன் தோளிலிருந்து நிமிர்ந்த ராஜாங்கம் தங்கச்சியைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சாவலண்ணா" என்றாள் அவள்.

எப்படி இந்தக் குழப்பம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருசப்பன் பேர் வந்தது, டீக்கடை வந்தது, மீசை வந்தது. "எல்லாம் என் வேண்டுதலுதான், மச்சான்" என்று கண்ணாயிரம் மழித்த உதட்டைத் தடவினார். கூடியிருந்த தெருவில் ஒருத்தர் சிரிக்க ஆரம்பிக்க, அது அப்படியே பரவியது. ராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கீழே இருந்த தட்டுக்குப் போனது. உயிரோடு இருப்பவள் வாசலில் கோடி கொண்டுவந்து வைத்துவிட்டோமே.

"அத்த உள்ள கொண்டாறக் கூடாதுப்பா" என்றாள் ரங்கம்மாள். "முச்சந்தில வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும்."

ராஜாங்கம் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அன்றைக்குக் காது குத்துப் பந்தலிலிருந்து திரும்பினாரே, அதே முதுகு. 

"அண்ணா, நில்லு. இன்னொரு தடவ முதுகக் காட்டிக்கினு போவாத."

விஜயலட்சுமி இறங்கி வந்தாள். தட்டின்மேல் மூடியிருந்த துணியை விலக்கினாள். புருஷன் உயிரோடிருக்கும்போதே செத்துப்போகிறவளுக்குக் கொண்டுவருகிற கோடி. மஞ்சள் கிழங்கு, குங்குமம், கண்ணாடி வளையல், ஒரு பந்து மல்லிகை, அரக்கு நிறத்தில் புடவை. அண்ணன்காரன் உயிரோடு இருக்கிற தங்கச்சிக்குக் கொண்டுவருகிற சீர்த்தட்டிலும் இதே சாமான்கள்தான் இருக்கும்.

"இதுல எது எனக்கு ஆவாது, சொல்லு?"

"வேணாம்மா. செத்தவளுக்குன்னு நெனச்சி வாங்கினது. நான் வேற வாங்கியாறேன்."

"நானும் பாதி வழி போய்ட்டுத்தானே வந்திருக்கறேன். எனக்குப் பொருந்தும்." புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இத்த நீ கொண்டாருவியா மாட்டியான்னு நெனச்சிக்கினேதான் அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ள போனேன். கொண்டாந்துட்ட. நான் உசுரோட இருக்கறப்பவே கொண்டாந்துட்ட. இந்தக் கொடுப்பின எத்தினி பேருக்கு வாய்க்கும்?"

ரங்கம்மாள் வாயைத் திறந்தாள். விஜயலட்சுமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கண்ணாயிரம் மச்சானின் எதிரே போய் நின்றார். கை பழக்கத்தில் மீசைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது. "அன்னிக்கு நல்ல நேரம் போவுதேன்னு அவசரப்பட்டுட்டேன், மச்சான். நீ வர்ற நேரந்தான் நல்ல நேரம்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சி" என்றார். மீசை இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

  ராஜாங்கம் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷமாக மிதிக்க மாட்டேன் என்றிருந்த படி. அபிநயா தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாள். அவள் காதில் ஆடிய தோட்டைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"மண்டையத் தெறந்து கட்டிய எடுத்தாங்கன்னா, இவ்ளோ முடி எப்டி இருக்குது?" என்று தங்கச்சியைக் கேட்டார். இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை அவருக்கு.

"தெறக்கலண்ணா. துளியூண்டு ஓட்ட. காது குத்தற மாதிரிதான். வளைஞ்சி வளைஞ்சி போற மெஷினு ஒண்ணு, உள்ள பூந்து எடுத்துக்கினு வந்துடுச்சி."

"எங்க?"

அவள் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். புதுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, தலையை அண்ணன் மடியில் சாய்த்தாள்.

"அங்கதான் இருக்குது. பாரு."

ராஜாங்கம் இரண்டு கையாலும் முடியை விலக்கினார். வகிட்டோரம் பார்த்தார், நெற்றியோரம் பார்த்தார்.  சிரைத்த இடத்தில் புதுமுடி அரும்பியிருந்தது, கண்ணீரும் மறைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தென்படவில்லை.

"காணமேம்மா" என்றார்.

அபிநயா காட்டுவதற்காக விரலை நீட்டினாள். விஜயலட்சுமி தலையைத் தூக்காமலே கையை நீட்டி, மகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ காட்டாத. அவரே தேடட்டும்" என்றாள்.

ராஜாங்கம் தேடிக்கொண்டே இருந்தார்.